பிறந்த குழந்தைக்கு பால் குடுக்க கூட நிக்கறது எப்படி, ஃபார்முலா விளம்பரத்த வார்டுக்கு வெளிய நிறுத்தறது எப்படி

பிரசவ வார்டுல ஃபார்முலா டப்பா, அதாவது தாய்ப்பாலுக்கு பதிலா குடுக்கற பால் பவுடர், எப்ப உள்ள நுழையுதுன்னு கவனிச்சா அனேகமா அது ரெண்டாவது ராத்திரியா தான் இருக்கும். முதல் நாள் குழந்தை நல்லா தூங்கும், எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க, மறுநாள் ராத்திரி திடீர்னு விடாம அழும், மார்புல போட்டா குடிக்கும், எடுத்தா அழும், அம்மாவுக்கு தையல் வலி, தூக்கம் இல்ல, அந்த நேரம் பாத்து யாராவது "பால் பத்தல போல"ன்னு ஒரு வார்த்தை விட்டுருவாங்க, அவ்ளோதான். பக்கத்துல உக்காந்து கைகுடுக்க ஒரு ஆள் இருந்தா அந்த ராத்திரி கடந்துடும், ஆள் இல்லனா டப்பா வரும். விக்கறவங்களுக்கு இது நல்லாவே தெரியும். அதனாலதான் பால் குடுக்க உதவறதையும் விளம்பரத்த தடுக்கறதையும் நான் தனித்தனி வேலையா பாக்கறதில்ல, முதல் வேலைய ஒழுங்கா செஞ்சாலே ரெண்டாவது பாதி முடிஞ்ச மாதிரி.

முன்னாடியே சொல்லிடறேன், ஃபார்முலான்னாலே விஷம்னு பேசற ஆள் நான் இல்ல. சில குழந்தைங்களுக்கு அது கண்டிப்பா தேவைப்படும், சில அம்மாக்கள் யோசிச்சு அதையே முடிவு பண்ணுவாங்க, அவங்கள குத்தவாளி மாதிரி பாக்கறவங்கள எனக்கு சுத்தமா பிடிக்காது. ஆனா அது ஒரு காரணத்தோட, அளவோட வரணும், ஓசி சாம்பிளா பைக்குள்ள வந்து உக்காரக்கூடாது. இது வார்டுல புதுசா வேலைக்கு சேந்தவங்களுக்கும், அம்மா கூட நிக்கற கணவர், அக்கா, பாட்டி எல்லாருக்கும் சேத்து எழுதறது.

முதல் ஒரு மணி நேரம்

குழந்தை பிறந்து ஒரு மணி நேரத்துக்குள்ள பால் குடுக்க ஆரம்பிக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இதுக்குன்னு பெருசா எதுவும் செய்ய வேண்டாம், குழந்தைய துடைச்சு, துணி இல்லாம அம்மா நெஞ்சு மேல போட்டு, மேல ஒரு துணிய போத்தி, மூக்கும் வாயும் மறையாம கழுத்து மடங்காம பாத்துக்கிட்டா போதும். எடை பாக்கறது, போட்டோ எடுக்கறது எல்லாம் கொஞ்சம் கழிச்சு பாத்துக்கலாம். சிசேரியன் ஆனாலும் அம்மா முழிச்சிருந்து ரெண்டு பேரும் நல்லா இருந்தா இத செய்யலாம், தியேட்டர்ல முடியலனா ரெக்கவரி ரூம்ல. குழந்தை தானே தலைய ஆட்டும், கைய நக்கும், மெதுவா நகந்து தேடும், அப்ப தலைய பிடிச்சு மார்புல அமுக்காதீங்க, அமுக்கினா அது பின்னாடி தள்ளிக்கிட்டு அழும்.

அளவு பத்தி தான் எல்லாருக்கும் பயம். முதல் 24 மணி நேரத்துல ஒரு தடவைக்கு குழந்தை குடிக்கறது சராசரியா 2 லருந்து 10 மில்லி தான், ரெண்டாவது நாள் 5 லருந்து 15, மூணாவது நாள் 15 லருந்து 30, நாலாவது நாள் 30 லருந்து 60. சீம்பால் கொஞ்சமா தான் வரும், குழந்தைக்கு அந்த நாள் வேண்டியதும் அவ்ளோதான். இந்த நம்பர பிரசவத்துக்கு முன்னாடியே வீட்ல எல்லாருக்கும் சொல்லி வச்சுடுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

மார்புல சரியா பிடிக்குதான்னு பாக்க, வாய் நல்லா பெருசா திறந்திருக்கணும், தாடை மார்புல ஒட்டியிருக்கணும், கீழ் உதடு வெளிய மடங்கியிருக்கணும், காம்பைச் சுத்தியிருக்கற கருப்பு பகுதி மேல்பக்கம் அதிகமாவும் கீழ்ப்பக்கம் கம்மியாவும் தெரியணும். காம்ப மட்டும் கவ்விக்கிட்டிருந்தா அம்மாவுக்கு வலி உயிர் போகும், குழந்தைக்கு பாலும் வராது. பிடிச்ச உடனே கொஞ்சம் சுருக்குன்னு இருக்கலாம், ஆனா குடிக்க குடிக்க வலிச்சுக்கிட்டே இருந்தாலோ, எடுத்ததுக்கப்புறம் காம்பு நசுங்கின மாதிரி தெரிஞ்சாலோ, சுண்டு விரல வாயோரமா விட்டு பிடிப்ப எடுத்துட்டு திரும்ப போடுங்க. "பொறுத்துக்கோம்மா பழகிடும்"னு சொல்லிட்டு போறது உதவியே இல்ல.

குழந்தை பிடிக்கவே மாட்டேங்குதா, தூங்கி வழியுதா, இல்ல குழந்தைய என்ஐசியூங்கற பச்சக் குழந்தைங்க தீவிர சிகிச்சைப் பிரிவுல வச்சுருக்காங்களா, அப்ப ஒரு ஸ்பூன எடுங்க. இது நிறைய பேருக்கு யாரும் காட்டித் தந்ததே இல்ல, ஆனா முதல் ரெண்டு நாளைக்கு எந்த மெஷினும் கை அளவுக்கு வேல செய்யாது, பம்ப்ல சீம்பால் ட்யூப் சுவத்துலயே ஒட்டி வீணாகிடும். கைய சோப்பு போட்டு கழுவிட்டு மார்ப மெதுவா தடவி விடுங்க. கட்டைவிரல் மேல, ரெண்டு விரல் கீழ, காம்புலருந்து ரெண்டு மூணு சென்டிமீட்டர் தள்ளி. முதல்ல நெஞ்செலும்ப பாத்து உள்பக்கமா அழுத்தணும், அப்புறம் விரல்கள ஒண்ண நோக்கி ஒண்ணு சேக்கணும், அப்புறம் விடணும். தோல் மேல விரல இழுக்கக்கூடாது, காம்ப பிடிச்சு கசக்கக்கூடாது. முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஒண்ணுமே வராது, இங்கதான் பாதி பேர் விட்டுடறாங்க, விடாதீங்க, அதே தாளத்துல அழுத்தி விட்டு அழுத்தி விட்டு செஞ்சா காம்பு நுனியில கெட்டியா மஞ்சளா ஒரு சொட்டு நிக்கும். சுத்தமான ஸ்பூன் ஓரத்த அதுக்கு கீழ வச்சு வாங்குங்க. பக்கத்த மாத்தி மாத்தி கொஞ்ச நேரம் செஞ்சா ஸ்பூன் அடியில சேரும், குழந்தைய சாய்ச்சு உக்கார வச்சு கீழ் உதட்டுல ஸ்பூன வச்சா அதுவே நாக்க நீட்டி நக்கிக்கும், நீங்க வாய்க்குள்ள ஊத்த வேண்டாம். அந்த ஸ்பூன பாத்த அம்மா முகம் மாறும் பாருங்க, "எனக்கு பாலே இல்ல"ங்கற பேச்சு அதோட முக்கால்வாசி நின்னுடும்.

ரெண்டாவது ராத்திரிய தாண்டறது

நஞ்சுக்கொடி வெளிய வந்ததும் அம்மா உடம்புல புரோஜெஸ்டிரோன்ங்கற ஹார்மோன் சட்டுனு குறையும், அதுக்கப்புறம் பால் பொங்கி வர பொதுவா ரெண்டு மூணு நாள் ஆகும். முதல் பிரசவம், சிசேரியன், சர்க்கரை இருக்கறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் லேட்டாகலாம். அந்த இடைவெளியில குழந்தை அடிக்கடி வந்து சப்பறது தான் பால் சுரக்கச் சொல்லி உடம்புக்கு போற ஆர்டர். 24 மணி நேரத்துல 8 லருந்து 12 தடவ குடிக்கறது சாதாரணம், அதுவும் சமமா பிரிச்சு குடிக்காது, ராத்திரி ஒரே மூச்சுல அஞ்சாறு தடவ வந்து நிக்கும்.

இப்ப அந்த நேரத்துல பாட்டில்ல 60 மில்லி கலந்து குடுத்தா என்ன நடக்கும், குழந்தை நாலு மணி நேரம் அடிச்சு போட்ட மாதிரி தூங்கும், எல்லாரும் "பாத்தியா பசி தான்"ம்பாங்க, அந்த நாலு மணி நேரமும் மார்புக்கு எந்த ஆர்டரும் போகல. அடுத்த நாள் பால் கம்மியா வரும், திரும்ப பாட்டில், அப்புறம் ஒரு வாரத்துல "எனக்கு பால் வத்திடுச்சு". காரணமே இல்லாம குடுத்த ஒரு பாட்டில்லருந்து இப்படி போன வீடுகள் நிறைய.

அதுக்கு பதிலா செய்ய வேண்டியது ரொம்ப சாதாரணம். ராத்திரி குழந்தைய திரும்ப தோலோட தோலா போடுங்க. அம்மாவ ஒரு பக்கமா படுக்க வச்சு குடுக்க சொல்லுங்க, ஆனா அவங்க தூங்கி விழற நிலைல இருந்தா இன்னொருத்தர் முழிச்சிருந்து பாத்துக்கணும், முடிஞ்சதும் குழந்தைய தனி தொட்டில்ல மல்லாக்க படுக்க வைக்கணும். சப்பறது நின்னு வெறுமனே வாய்ல வச்சிருந்தா மார்ப லேசா கையால அழுத்தி குடுங்க, திரும்ப முழுங்க ஆரம்பிக்கும். ஒரு பக்கம் முடிஞ்சா அடுத்த பக்கம். கணவர் செய்ய வேண்டியது, நாப்கின் மாத்தறது, தண்ணி எடுத்து குடுக்கறது, வந்து வந்து யோசனை சொல்றவங்கள மரியாதையா வெளிய உக்கார வைக்கறது. கடைசில சொன்னது தான் கஷ்டமான வேல, அத அம்மா தலைல போடாதீங்க.

பால் பத்துதான்னு அழுகைய வச்சு முடிவு பண்ணாதீங்க, நாப்கின வச்சு பாருங்க. முதல் நாள் ஒரு தடவயாவது ஒண்ணுக்கு, ரெண்டாவது நாள் ரெண்டு, மூணாவது நாள் மூணு, அஞ்சாவது நாள்லருந்து ஆறுக்கு மேல. மலம் முதல்ல கருப்பா தார் மாதிரி, அப்புறம் பச்சையா, நாலஞ்சு நாள்ல மஞ்சளா மாறணும். எடை முதல் சில நாள் குறையும், அது இயற்கை, 7 சதவீதம் வர குறைஞ்சா பால் குடிக்கறத உக்காந்து பாக்கணும், 10 சதவீதத்த நெருங்கினா டாக்டர் பாத்தே ஆகணும், பிறந்த எடை 10 லருந்து 14 நாளுக்குள்ள திரும்ப வந்துடணும். பிரசவ நேரத்துல அம்மாவுக்கு நிறைய டிரிப்ஸ் ஏறியிருந்தா குழந்தையோட பிறந்த எடையே கொஞ்சம் ஏத்தமா காட்டும், வெறும் நம்பர பாத்து பதறாம நாப்கினையும் குழந்தை சுறுசுறுப்பா இருக்கறதையும் சேத்து பாருங்க.

நிஜமாவே தேவைப்படும்போது

குறைமாசம், எடை ரொம்ப கம்மி, அம்மாவுக்கு சர்க்கரை இருந்து குழந்தைக்கு ரத்த சர்க்கரை இறங்கறது, எடை விடாம குறையறது, மஞ்சள் காமாலையோட சரியா குடிக்காம இருக்கறது, இதுக்கெல்லாம் கூடுதல் பால் மருந்து மாதிரி. கேலக்டோசீமியான்னு ஒரு பிறவி வியாதி, அதுல தாய்ப்பாலே ஆகாது, அதுக்குன்னு தனி ஃபார்முலா தான். அம்மா கீமோ எடுத்தாலோ ரேடியோஆக்டிவ் அயோடின் எடுத்தாலோ குடுக்கக்கூடாது. எச்ஐவி விஷயத்துல அந்தந்த நாட்டு வழிகாட்டுதல பாத்து, மருந்து எடுக்கறாங்களாங்கறதையும் பாத்து டாக்டரோட சேந்து முடிவு பண்ணணும், வார்டுல யாரும் சொந்தமா தீர்ப்பு சொல்லக்கூடாது. சாதாரண காய்ச்சல், சளி, பெரும்பாலான மாத்திரைங்களுக்கெல்லாம் பால நிறுத்த வேண்டியதில்ல, ஆனா பயத்துல நிறுத்த சொல்றது தான் ஜாஸ்தி நடக்குது.

கூடுதல் பால்னு முடிவானா வரிசை இதுதான், முதல்ல அம்மாவோட பிழிஞ்ச பால், அது பத்தலனா பால் வங்கில சோதிச்சு பதப்படுத்தின தானப் பால், அதுவும் இல்லனா ஃபார்முலா. அளவு மேல சொன்ன நாள் கணக்கு தான் பொதுவானது, குறைமாசக் குழந்தைக்கு டாக்டர் எழுதறது. ஸ்பூன், பாலாடை, சின்ன கப் எதுல வேணா குடுக்கலாம், பாட்டில்ல தான் குடுக்கறீங்கன்னா குழந்தைய நிமித்தி வச்சு பாட்டில படுக்கவாட்டா பிடிச்சு நடுநடுவுல நிறுத்தி குடுங்க. கேஸ் ஷீட்ல ஏன் குடுத்தோம், எவ்ளோ, எப்படி, எப்ப நிறுத்தறோம்னு எழுதுங்க. நிறுத்தற பிளான் இல்லாம ஆரம்பிச்ச கூடுதல் பால் வீட்டுக்கும் கூடவே போகும். ஃபார்முலா குடுக்கற ஒவ்வொரு தடவையும் அம்மா பால பிழிஞ்சு எடுக்கணும்னு சொல்ல மறந்துடாதீங்க.

ஃபார்முலா குடுக்க போற வீட்டுக்கு அத கலக்கறது எப்படின்னு ஒழுங்கா சொல்லித்தரணும், தாய்ப்பால் ஆதரவு வார்டுன்னு பேர் வச்சுக்கிட்டு இத சொல்லாம அனுப்பறது எனக்கு பெரிய தப்பா படுது. பவுடர் கிருமியில்லாத பொருள் இல்ல, சீல் உடைக்காத டப்பாலயும் க்ரோனோபாக்டர்னு ஒரு பாக்டீரியா இருக்கலாம், ரெண்டு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும் குறைமாசக் குழந்தைக்கும் அது உயிருக்கே ஆபத்து. அதனால தண்ணிய கொதிக்க வச்சு, அரை மணி நேரத்துக்கு மேல ஆற விடாம, 70 டிகிரிக்கு குறையாத சூட்டுல பவுடர கலக்கணும். முதல்ல தண்ணி, அப்புறம் பவுடர், அந்த டப்பால வந்த ஸ்பூன்லயே தலை தட்டி. ஒரு ஸ்பூன் கூட போட்டா மலச்சிக்கலும் நீர்ச்சத்து குறையறதும், மிச்சம் பிடிக்கறேன்னு கம்மியா போட்டா குழந்தை எடை ஏறாது, ரத்தத்துல உப்பு குறைஞ்சு வலிப்பே வரலாம். பாட்டில மூடி குழாய் தண்ணில பிடிச்சு ஆற வச்சு, மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டு சூடு பாத்து அப்புறம் குடுங்க. கலந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள குடிக்காதத கொட்டிடுங்க, குடிச்சு மிச்சம் வச்சத திரும்ப சூடு பண்ணாதீங்க, மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். பிழிஞ்ச தாய்ப்பால்னா வெளிய 4 மணி நேரம், ஃபிரிட்ஜ்ல 4 நாள் தாங்கும், ரூம் ரொம்ப சூடா இருந்தா வெளிய அவ்ளோ நேரம் வைக்காதீங்க.

விளம்பரம் எந்த வழியா வருது

இது புது சண்டை இல்ல. 1939லயே சிசிலி வில்லியம்ஸ்ங்கற டாக்டர் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்ல நின்னு, தவறான பிரச்சாரத்தால குழந்தைங்க சாகறத கொலைன்னு தான் சொல்லணும்னு பேசினாங்க. எழுபதுகள்ல நர்ஸ் மாதிரி டிரெஸ் போட்ட விற்பனைப் பெண்கள் வார்டுக்குள்ளயே வந்து டப்பா குடுத்த கதையெல்லாம் வெளிய வந்து உலகம் பூரா எதிர்ப்பு கிளம்பி, கடைசியா 1981 மே மாசம் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்று விற்பனைக்கான சர்வதேச விதிமுறைய கொண்டு வந்துச்சு. ஆதரவா 118 ஓட்டு, எதிரா ஒண்ணே ஒண்ணு, அது அமெரிக்கா. அந்த விதிமுறை ஃபார்முலாவ தடை பண்ணல, விக்கற முறைய தான் கட்டுப்படுத்துது. பொதுமக்களுக்கு விளம்பரம் கூடாது, அம்மாவுக்கு சாம்பிளோ கிஃப்டோ கூடாது, கம்பெனி ஆள் கர்ப்பிணியையோ அம்மாவையோ நேரா தொடர்பு கொள்ளக்கூடாது, ஆஸ்பத்திரில போஸ்டர் கூடாது, ஊழியர்களுக்கு அன்பளிப்பு கூடாது, ஃபார்முலா டப்பால குழந்தை படம் கூடாது. பாட்டிலும் ரப்பர் காம்பும் கூட இதுக்குள்ள வரும், இது பல பேருக்கு தெரியாது. கலக்க கத்துக்குடுக்கறது சுகாதார ஊழியர் மட்டும், தேவைப்படற அம்மாவுக்கு மட்டும்னும் அதுலயே இருக்கு. 1991ல உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் குழந்தை நேய மருத்துவமனைத் திட்டத்த ஆரம்பிச்சாங்க, தாய்ப்பாலுக்கு உதவ ஆஸ்பத்திரி செய்ய வேண்டியதா அந்தத் திட்டம் சொல்ற பத்து படிகள 2018ல திருத்தும்போது இந்த விதிமுறைய முழுசா கடைப்பிடிக்கறத முதல் படியிலயே வச்சுட்டாங்க. உங்க நாட்டு சட்டம் எவ்ளோ தூரம் போகுதுன்னு தனியா பாத்துக்கோங்க, எல்லா நாட்டுலயும் ஒரே மாதிரி இல்ல.

ஆனாலும் நிக்கல. 2022ல அந்த ரெண்டு அமைப்பும் எட்டு நாட்டுல 8,500 பெற்றோர், கர்ப்பிணிங்ககிட்ட கேட்டதுல 51 சதவீதம் பேர் ஃபார்முலா விளம்பரம் தங்கள குறிவச்சதா சொன்னாங்க, மூணுல ஒரு பங்குக்கு மேல பெண்கள் சுகாதார ஊழியரே ஒரு பிராண்ட் பேர சொன்னாங்கன்னாங்க. இப்பல்லாம் கம்பெனியோட விற்பனை ஆள், அதான் ரெப், கதவ தட்டறதே இல்ல, பிரசவ தேதி கேக்கற ஆப், இலவச பேபி கிளப், ராத்திரி அம்மா "குழந்தை தூங்க மாட்டேங்குது"ன்னு தேடின அஞ்சு நிமிஷத்துல வர்ற விளம்பரம், இன்ஃப்ளுயன்சர் வீடியோன்னு போன் வழியா தான் வருது. பிரசவ தேதிய கண்ட ஆப்ல போடாதீங்கன்னு கர்ப்ப காலத்துலயே சொல்லிடுங்க.

வார்டுல செய்ய வேண்டியத சுருக்கமா சொல்லிடறேன். கம்பெனி லோகோ போட்ட பேனா, காலண்டர், வளர்ச்சி அட்டை, தொட்டில் டேக் எல்லாத்தையும் ஒரு நாள் உக்காந்து பொறுக்கி எடுத்து போடுங்க. ஃபார்முலா மத்த மருந்து மாதிரி விலை குடுத்து வாங்கி பூட்டின அலமாரில, அம்மாக்கள் கண்ல படாத இடத்துல வைங்க, ஓசில வர்ற ஸ்டாக் தான் கை நீட்டினா எடுக்கற இடத்துல இருக்கும். ரெப் வந்தா வார்டுக்குள்ள இல்ல, ஆஃபீஸ்ல, எழுத்துல அறிவியல் விவரம் மட்டும் குடுத்துட்டு போகட்டும், டிஸ்சார்ஜ் லிஸ்டோ அம்மாங்க போன் நம்பரோ எந்தக் காரணத்துக்கும் வெளிய போகக்கூடாது. "கான்ஃபரன்ஸ் டிக்கெட் நாங்க பாத்துக்கறோம் டாக்டர்"ங்கறதும் சாம்பிள் தான், டப்பா மட்டும் வேற.

வீட்டுக்காரங்க "எந்த பிராண்ட் சிஸ்டர் நல்லது"ன்னு கேப்பாங்க. பிராண்ட் பேர் சொல்லாதீங்க. ஃபார்முலால என்னென்ன எவ்ளோ இருக்கணும்னு கோடெக்ஸ் அப்படிங்கற சர்வதேச தரம் இருக்கு, நாடுங்க பெரும்பாலும் அத ஒட்டி தான் சட்டம் வச்சிருக்கு, அதனால சட்டப்படி விக்கற பிறப்புலருந்து குடுக்கற சாதாரண ஃபார்முலா எது வாங்கினாலும் அடிப்படை சத்து இருக்கும், விலை கூடினது குழந்தைக்கு கூடுதலா எதையும் நிச்சயம் பண்றதில்ல, தேதியும் சீலும் பாத்து உங்களால தொடர்ந்து வாங்க முடியறத வாங்குங்கன்னு சொல்லுங்க. குறைமாசத்துக்கும் வியாதிக்கும் உள்ளது தனி, அது டாக்டர் எழுதறது. "தாய்ப்பாலுக்கு நெருக்கமானது", "மூளை வளர்ச்சிக்கு", "ராத்திரி நிம்மதியா தூங்க" இதெல்லாம் விக்கறதுக்கு எழுதினது. ஒரே கலர் ஒரே டிசைன்ல 1, 2, 3ன்னு நம்பர் போட்டு வர்றதுல, 1 பிறந்த குழந்தைக்கு, அதுக்கு மேல 2, 3ன்னு வர்ற பெரிய குழந்தைங்க பால் தேவையே இல்லாத பொருள்னு உலக சுகாதார நிறுவனம் 2013லயே சொல்லிடுச்சு, 2016ல 36 மாசம் வரைக்கும் உள்ள அந்த பாலும் விளம்பரத் தடைக்குள்ள வரும்னும் தெளிவு பண்ணிட்டாங்க. நம்பர் 1 விளம்பரம் பண்ண முடியாத இடத்துல நம்பர் 3 டப்பா தான் அதுக்காக பேசிக்கிட்டு இருக்கு.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு குடுக்கற பைய ஒரு தடவ பிரிச்சு பாருங்க, சாம்பிள், கூப்பன், கிளப் கார்டு இருந்தா எடுத்துடுங்க. அந்த இடத்துல ராத்திரியும் எடுக்கற ஒரு போன் நம்பர், ரெண்டு மூணு நாள்ல எடை பாக்க வர வேண்டிய தேதி, நாப்கின் கணக்கு எழுதின ஒரு பேப்பர் வைங்க. அதே பேப்பர்ல இதையும் பெருசா எழுதிடுங்க: குடிக்க எழுப்பினாலும் எழும்பல, ஒண்ணுக்கு ரொம்ப குறைஞ்சிருக்கு, நாலு நாளுக்கப்புறமும் நாப்கின்ல செங்கல் கலர் கறை, மஞ்சள் கால் வரைக்கும் இறங்கியிருக்கு, 38 டிகிரி காய்ச்சல் இல்ல உடம்பு ஜில்லுன்னு, பச்சையா வாந்தி, மூச்சு வாங்குது, இதுல எது ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காம உடனே குழந்தைய தூக்கிட்டு வாங்க.